முத்துமீனாவின் எண்ணிக்கை

எங்கே போனாலும் முத்துமீனா முதலில் தலைகளை எண்ணுவாள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் டி. கல்லுப்பட்டிக்கு அவள் அம்மா வீட்டுக்குப் பேருந்தில் போகும்போது, உதடு அசையாமல் பயணிகளை எண்ணிக்கொண்டே வருவாள். திருமங்கலத்தில் நான்கு பேர் இறங்கினால் கழித்துக்கொள்வாள்.

"கண்டக்டரே எண்ணல. நீ எதுக்கு எண்ணுற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பழகிப்போச்சுங்க. எண்ணலைன்னா ஊரு வந்தாலும் இறங்க மனசு வராது."

அவனியாபுரத்தில் ஓர் உதவிபெறும் பள்ளியில் பத்தொன்பது வருடம் விளையாட்டு ஆசிரியையாக இருந்தாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் இரண்டாம் இடம் வாங்கிய சான்றிதழ் எங்கள் பீரோவில் இருக்கிறது. ஆனால் அவள் ஓடிய கதையைச் சொல்லி நான் கேட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருடம் ஒரு மண்டலப் போட்டியில் நடந்ததைத்தான் சொல்வாள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடி முடித்த ஒரு பிள்ளை, மைதானத்துக் கழிப்பறைக்குப் பின்னால் மயங்கிக் கிடந்திருக்கிறாள். இருபது நிமிடம் யாருக்கும் தெரியவில்லை. பிள்ளை பிழைத்துக்கொண்டாள். முத்துமீனாவுக்கு அந்த இருபது நிமிடம் முடியவே இல்லை.

அதற்குப் பிறகுதான் எண் முறையைக் கொண்டுவந்தாள். வெளியே கூட்டிப்போகும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு எண். அவள் விசிலை இரண்டு முறை குறுக்கி ஊதினால், எங்கே நின்றாலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் கத்த வேண்டும். "பேரைக் கூப்பிட்டா தூக்கத்துலகூட உள்ளேன்னு சொல்லிரும்ங்க. நம்பருன்னா, முன்னாடி இருக்கிறவ குரலுக்குக் காதைக் குடுத்துக்கிட்டே இருக்கணும்" என்பாள்.

கடந்த ஐப்பசியில் டெங்கு வந்து ஆறே நாளில் போய்விட்டாள். பள்ளியில் ஆண்டு மலருக்கு அவளைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்றுதான் வருகிறது. அதையே எழுதுகிறேன்.

குழந்தைகளின் இருதய அறுவை சிகிச்சைக்கு நிதி திரட்டுவதற்காக ஓர் அறக்கட்டளை ஐந்து கிலோமீட்டர் 'ஃபன் ரன்' நடத்தியது. ஓடுகிறவர்கள் கட்டணம் கட்டி ஓடுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் தண்ணீர் கொடுப்பது, எண் அட்டை குத்திவிடுவது, வழி காட்டுவது என்று தொண்டு செய்வார்கள். அதற்கு முன்பு இரண்டு வாரம் நிதி அட்டையைத் தூக்கிக்கொண்டு கடைகடையாக ஏறி நன்கொடையும் கேட்க வேண்டும். முத்துமீனா முப்பத்திரண்டு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தாள். பதினேழாம் எண், ஒன்பதாம் வகுப்பு பாண்டிச்செல்வி.

பாண்டிச்செல்விக்கு வலிப்பு உண்டு. பள்ளியில் இது முத்துமீனா ஒருத்திக்கு மட்டுமே தெரியும். பிள்ளையின் அம்மா செல்லத்தாய், சேர்க்கை நாளன்றே முத்துமீனாவைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லியிருந்தார். முன்பு படித்த பள்ளியில் பிள்ளை விழுந்தபோது கையில் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள். மறுநாளிலிருந்து அவளுக்குப் பெயரே 'சாவிக்கொத்து' ஆகிவிட்டது. அவள் பள்ளிக்கூடம் வேண்டாமென்று ஒரு வருடம் வீட்டிலேயே இருந்தாள். "இங்க ஒரு ஈ காக்கைக்குத் தெரிஞ்சாலும் இவ படிப்பு அம்புட்டுத்தான் டீச்சர். நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கணும்" என்று சொல்லி, முத்துமீனாவின் கையைத் தன் தலையில் வைத்து சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மருத்துவர் நான்கு விஷயம் சொல்லியிருந்தார். தூக்கம் கெடக் கூடாது, வெறும் வயிற்றில் இருக்கக் கூடாது, வெயிலில் அலையக் கூடாது. மாத்திரை ஒருவேளைகூடத் தவறக் கூடாது.

"அப்புறம் எதுக்கு அவளைக் கூட்டிட்டுப் போற?" என்றேன்.

"எல்லாரும் போறப்ப அவளை மட்டும் விட்டா ஏன்னு கேப்பாளுங்க. நிழல்ல தண்ணி மேசையில நிக்கப் போறா. நான் பாத்துக்கிறேன்." ஓட்டத்துக்கு முதல்நாள் இரவு அவள் தூங்கவில்லை. புரண்டு புரண்டு படுத்தது எனக்குத் தெரிந்தது.

காலை நாலரை மணிக்குப் பள்ளி வாசலில் பேருந்து ஏறும்போது பாண்டிச்செல்வியிடம் மெதுவாகக் கேட்டாள்.

"மாத்திரை?"

"போட்டேன் மிஸ்."

ஓட்டம், ஊருக்கு வெளியே ஒரு கண்மாயைச் சுற்றி. மைதானத்தில் தொடங்கி, சாலையில் ஒரு கிலோமீட்டர் போய், கண்மாய்க் கரையில் ஏறி மறுபடி மைதானத்துக்கு வர வேண்டும். கரையின் ஒரு பக்கம் ஆகாயத்தாமரை அடர்ந்த தண்ணீர். இன்னொரு பக்கம் சரிவு நெடுகச் சீமைக்கருவேல முள். மைதானத்தில் காற்றடைத்த பெரிய வளைவு, நடனப் பாட்டு, பலூன். கரை நெடுகக் கம்பங்களில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார் ரேடியோ செட் கண்ணுச்சாமி. எண்ணூறு பேர் ஒரே மஞ்சள் பனியனில் நின்றார்கள். ஆளை ஆள் அடையாளம் தெரியவில்லை. அதைப் பார்த்ததுமே முத்துமீனா என் கையைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் ஒரே சட்டையக் குடுத்துட்டாங்களேங்க."

நான் என் ஸ்கூட்டரோடு உதவிக்குப் போயிருந்தேன். ஆறரை மணிக்குள் ஓட்டக்காரர்களை அனுப்பி முடித்தார்கள். ஆறு நாற்பதுக்குக் கண்மாய்க் கரையில் இரண்டாவது தண்ணீர் மேசைக்கு வந்தோம். அங்கே பதினான்காம் எண்ணிலிருந்து இருபதாம் எண் வரை நிற்க வேண்டும். மற்றவர்கள் அடுத்தடுத்த மேசைகளில், கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். முத்துமீனா மேசைக்குச் சற்றுத் தள்ளிக் கரையில் நின்று இரண்டு முறை விசில் ஊதினாள்.

ஒன்று என்று தொலைவில் தொடங்கியது. இரண்டு, மூன்று. குரல்கள் கரையில் நகர்ந்து வந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எப்போதும் அப்படித்தான் கேட்பாள். பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினெட்டு. முப்பத்திரண்டு வரை ஒரு தடங்கல் இல்லை. கண்ணைத் திறந்து மூச்சு விட்டாள்.

நான் கண்ணை மூடவில்லை. எனக்கு எதிரே ஒரு குட்டைப் பெண், பதினெட்டாம் எண் திவ்யா, குரலைக் கொஞ்சம் மெலிதாக்கிப் பதினேழு என்றாள். பிறகு தன் குரலில் பதினெட்டு என்றாள். நான் பார்ப்பதைக் கண்டதும் கெஞ்சுவதுபோல் தலையை ஆட்டினாள். தோழி ஒதுங்கப் போயிருப்பாள் என்று நினைத்தேன். பிள்ளைகள் சேட்டை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

எண்ணிக்கை சரியாக வந்த தைரியத்தில் முத்துமீனா அடுத்த மேசையைப் பார்க்கப் போய், பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தாள். முதல் ஓட்டக்காரர்கள் மேசையைக் கடந்து போனார்கள். பிள்ளைகள் கோப்பையை நீட்டி, "அண்ணே, இதையாச்சும் வாங்கிட்டுப் போங்கண்ணே, காலையில நாலு மணிக்கு எந்திரிச்சு வந்திருக்கோம்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். முத்துமீனா திவ்யாவின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விளையாட்டு ஆசிரியைகள் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது.

"நீ வெள்ளை ஷூ போட்டுல்ல வந்த?"

திவ்யாவின் காலில் நீலப் பட்டை வைத்த ரப்பர் செருப்பு. அவளுக்கு அது பெரிது.

"கடிச்சுச்சு மிஸ். கழட்டிட்டேன்."

"எங்க ஷூ?"

முத்துமீனா மேசைத் துணியைத் தூக்கிப் பார்த்தாள். ஷூ இல்லை. பாண்டிச்செல்வியின் பை இருந்தது. அதன் மேல் காலையில் கொடுத்த பிஸ்கட் பொட்டலம் பிரிக்காமல் இருந்தது.

"பதினேழு எங்கடி?"

திவ்யா அழவில்லை. கண்ணை அகல விரித்துக்கொண்டு, "ஓடுறா மிஸ். வந்துருவா மிஸ். அவ நல்லா ஓடுவா மிஸ்" என்றாள்.

ஓட்ட அட்டையின் எண்ணை மட்டும் அவளிடம் கேட்டுக்கொண்டு, முத்துமீனா என் ஸ்கூட்டரை நோக்கி ஓடினாள்.

பிறகு திவ்யா ஒப்புக்கொண்டு சொன்ன கதை இது. நிதி அட்டையோடு இவர்கள் இருவரும் விமான நிலையச் சாலையில் மலைச்சாமியின் வெல்டிங் பட்டறைக்குப் போயிருக்கிறார்கள். அவர் மாடுபிடி வீரராக இருந்தவர். இப்போது பொங்கல் ஜல்லிக்கட்டில் தன் பங்குக்குப் பரிசு அறிவிக்கிறவர்.

"யாரு ஓடுறது? நீயா பாப்பா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லண்ணே. நாங்க தண்ணி குடுப்போம்."

"வாடிவாசல்ல தண்ணி குடுக்கிறவனுக்கு எவனாச்சும் பரிசு குடுப்பானா? உள்ள இறங்குறவனுக்குத்தான் பரிசு. நீ ஓடு, ஆயிரம் தாரேன். தண்ணி குடுத்தா அம்பது."

பட்டறையில் ஒருவன், "விடுங்கண்ணே, இது காத்தடிச்சாப் பறந்துரும்" என்று சிரித்திருக்கிறான்.

"ஓடுறேன். அட்டையில எழுதுங்க" என்று பாண்டிச்செல்வி சொல்லிவிட்டாள். அவர் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். அவனியாபுரத்தில் பரிசு சொன்னவர் பின்வாங்க முடியாது. இறங்குகிறேன் என்று சொன்னவரும் பின்வாங்க முடியாது. ஓட்டத்தன்று காலையில் எண் அட்டை குத்தும் மேசையில் திவ்யா இருந்தாள். பதிவு செய்துவிட்டு வராத ஒருவரின் அட்டை, 412, மிச்சம் கிடந்தது. மஞ்சள் பனியனும் கிடைத்தது. மிஸ் விசிலுக்கு மட்டும் ஆள் வேண்டும். அதை திவ்யா ஏற்றுக்கொண்டாள். பாவம், அவளுக்கு வலிப்பு சமாச்சாரம் தெரியாது.

நானும் முத்துமீனாவும் ஸ்கூட்டரில் கரையோடு போனோம். வெயில் அதற்குள் ஏறிவிட்டது. முன்னேயும் பின்னேயும் மஞ்சள் பனியன்கள். ஒவ்வொரு சடையையும் முத்துமீனா எட்டிப் பார்த்தாள். அவள் கை என் தோளை அழுத்திய இடம் மறுநாள் வரை வலித்தது.

"தண்ணிப் பக்கம் பாத்து ஓட்டுங்க. மெதுவா. மெதுவாங்க." கொஞ்ச தூரம் போனதும், "வேகமா போங்க" என்றாள்.

ஆகாயத்தாமரை ஓரிடத்தில் விலகி, கறுப்பாகத் தண்ணீர் தெரிந்தது. ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. அவள் இறங்கி, சரிவில் பாதி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். புடவை முழுக்க நெருஞ்சி முள். விழுந்தால் சத்தம் வராது, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இத்தனை பாட்டுக்கும் கைதட்டலுக்கும் நடுவே, கரையிலிருந்து ஒரு பிள்ளை சரிந்தால் யாருக்குத் தெரியும்? பத்து நிமிடம் முன்பே, அந்தப் பிள்ளை மேசையில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஏற்பாட்டாளர்களில் ஒருவனான கல்லூரிப் பையன் சூரியபிரகாஷ் வாக்கி-டாக்கியோடு எதிரே வந்தான்.

"மேடம், டென்ஷன் ஆகாதீங்க. கூட்டத்துல எங்கயாச்சும் செல்ஃபி எடுத்துட்டு இருக்கும்."

"எடுக்கட்டும் தம்பி. மைக் எங்க இருக்கு?"

குறுக்கு வழியில் மைதானத்துக்கு வந்தோம். கண்ணுச்சாமி பாட்டை நிறுத்தினார். முத்துமீனா மைக்கை வாங்கினாள்.

"நானூத்திப் பன்னெண்டாம் நம்பர் போட்டிருக்கிற பிள்ளை இருக்கிற இடத்துலயே நில்லு. பக்கத்துல இருக்கிறவங்க அந்தப் பிள்ளையை நிறுத்தி வைங்க."

காத்திருந்தோம். யாரும் வரவில்லை. சூரியபிரகாஷின் கருவியில் ஒவ்வோர் இடமாக, இங்கே இல்லை, இங்கே இல்லை என்று பதில் வந்தது. எண்ணூறு பேரில் யார் நெஞ்சில் என்ன எண் என்று யார் பார்ப்பார்கள்? ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அவள் மைக்கைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்ததில் ஒலிபெருக்கிகளில் கரகர என்று சத்தம் வந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். "செல்லத்தாய் தலையில கை வச்சிருக்கேங்க."

என் பதிலுக்குக் காத்திராமல் மைக்கை மறுபடி வாயருகே கொண்டுபோனாள்.

"எல்லாரும் கேளுங்க. ஒன்பதாவது படிக்கிற பாண்டிச்செல்வி ஓடிக்கிட்டு இருக்கா. அந்தப் பிள்ளைக்கு வலிப்பு உண்டு. விழுந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. கையில சாவி குடுக்காதீங்க. வாயில எதையும் வைக்காதீங்க. தண்ணிப் பக்கம் விடாதீங்க. பாண்டிச்செல்வி, மிஸ் பேசுறேன். நில்லும்மா."

கண்மாய் முழுக்க அது கேட்டது. எதிர்க்கரையில் மோதித் திரும்பியும் வந்தது. தண்ணீர் மேசைகளில் முப்பத்தோரு பிள்ளைகளும் அப்படியே நின்றார்கள்.

ஏழு பத்துக்கு வளைவுக்கு எதிரே கூட்டம் விலகியது. பாண்டிச்செல்வி வந்தாள். நடந்து வந்தாள். விழவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. திவ்யாவின் வெள்ளை ஷூ மண்ணாகியிருந்தது. இருபுறமும் நின்ற ஆட்கள் கைதட்ட எடுத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். ஒருவர் தன் குழந்தையைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார். கோட்டைத் தாண்டி முத்துமீனாவின் முன்னால் வந்து நின்றாள்.

"நம்பரச் சொன்னப்ப நிப்பாட்டிருவீங்கன்னு இன்னும் வேகமா ஓடுனேன் மிஸ். அப்புறம் நீங்க அதைச் சொன்னீங்க. அதுக்கப்புறம் ஓட முடியல."

முத்துமீனா அவளை நிழலில் உட்காரவைத்து, பிஸ்கட்டைப் பிரித்துக் கையில் கொடுத்தாள். பேருந்தில் திரும்பும்போது முப்பத்திரண்டு பேரையும் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

செல்லத்தாய் அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். உள்ளே வரவில்லை. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"சத்தியம் பண்ணீங்களே டீச்சர்."

"ஆமா."

"ஒண்ணும் ஆகலையே டீச்சர் அவளுக்கு. நல்லாத்தான வந்தா. செத்த நேரம் பொறுத்திருந்தீங்கன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே."

அவர் போன பிறகு முத்துமீனா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "எண்ணிக்கை சரியாத்தாங்க வந்துச்சு. பதினேழு நல்லாக் கேட்டுச்சு. எனக்குக் காது போயிருச்சு."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை பாண்டிச்செல்வி வரவில்லை. அந்த எண்களே உடற்பயிற்சி வகுப்பிலும் இருந்தன; விசில் ஊதினால் பதினாறுக்கு அப்புறம் ஓர் இடைவெளி. பிறகு திவ்யா பதினெட்டு என்பாள். எண்ணை மாற்றி வைத்துவிடலாம் என்று உடன் வேலை பார்க்கும் ஆசிரியை சொன்னதற்கு, முத்துமீனா முடியாது என்றாள். பழைய பள்ளியை விட்டு ஒரு வருடம் வீட்டில் கிடந்த பிள்ளை. இந்தத் தடவை கிடந்தால் எழுந்து வர மாட்டாள் என்று முத்துமீனாவுக்குப் பயம். ராத்திரி சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் பாண்டிச்செல்வியின் தெரு முனை வரை போய்த் திரும்பி வந்தாள்.

புதன் சாயங்காலம் மலைச்சாமி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கையில் ஆயிரம் ரூபாய், முகமெல்லாம் வேர்வை.

"எனக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பனா டீச்சர்? மூணு நாளாத் தூக்கமில்ல."

"குடுங்கண்ணே. நான் கணக்குல சேத்துர்றேன்."

அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "உங்ககிட்ட எப்படித் தர? இறங்குனவ கையிலதான் பரிசு. பிள்ளை எங்க?"

"வர மாட்டேங்குது."

"அதெப்படி வராம இருக்கும்? சொன்ன பரிசைக் குடுக்கலைன்னா என் பட்டறை வாசல்ல நின்னு கேக்க மாட்டானுகளா? வீடு எங்கன்னு சொல்லுங்க."

என்ன பேசினார், செல்லத்தாய் எப்படி ஒத்துக்கொண்டார், எனக்குத் தெரியாது. வியாழக்கிழமை காலை பாண்டிச்செல்வி சீருடையில் வந்தாள். பின்னால் மலைச்சாமி, வெள்ளை வேட்டி சட்டை, தோளில் துண்டு. பிரேயர் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் பணத்தை அவள் கையில் வைத்து, துண்டைப் போர்த்திவிட்டு, "சொன்னேன், குடுத்துட்டேன்" என்று மட்டும் சொன்னாராம். அவள் அதை வாங்கி நிதிப் பெட்டியில் போட்டாள்.

அன்றைய வகுப்பில் ஒருத்தி அவளிடம், "ஏய், ஓடுறப்ப வந்திருந்தா என்னடி பண்ணியிருப்ப?" என்று கேட்டிருக்கிறாள்.

"அவ என்னத்தப் பண்ணுவா? நாமதான் பண்ணணும். ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், சாவி குடுக்கக் கூடாது. மைக்ல சொன்னப்ப நீ எங்க இருந்த?" என்றாளாம் திவ்யா.

விசில் ஊதியபோது முத்துமீனா கண்ணை மூடவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் மூடவில்லை. ஒவ்வொரு வாயாகப் பார்த்துத்தான் எண்ணினாள். காது மேலிருந்த நம்பிக்கை போனது போனதுதான். காது மருத்துவரிடம்கூட ஒருமுறை போய்வந்தாள். குறையில்லை என்றார். அவள் நம்பவில்லை. எட்டு மாதம், ஐப்பசி வரைக்கும், நான் வாயைத் திறக்கவில்லை.

இதை எழுதலாமா என்று போன வாரம் பாண்டிச்செல்வியிடம் கேட்கப் போனேன். இப்போது பத்தாம் வகுப்பு. செல்லத்தாய் உள்ளே நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார்.

"எழுதுங்க சார். ஊருக்கே மைக் போட்டாச்சு, இனிமே என்ன" என்றாள் பாண்டிச்செல்வி.

திவ்யா இரண்டு எண் சொன்னதை நான் பார்த்ததை அவளிடம் சொன்னேன். முதல் முறையாக ஒருவரிடம் சொன்னேன்.

"மிஸ்கிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

அவள் அடுக்களைப் பக்கம் பார்த்துக்கொண்டாள். அம்மா காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் ஒண்ணு சொல்லல சார். அன்னைக்கு மாத்திரை போடல. போட்டாத் தூக்கம் வரும், ஓட முடியாதுன்னு. நடந்து வாரப்ப, கடைசி முக்குல, ரெண்டு கையும் வெடுக்வெடுக்னு இழுத்துச்சு. எப்பவும் அப்படித்தான் ஆரம்பிக்கும். மிஸ் சொல்லாம இருந்தா நின்னிருக்க மாட்டேன்."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இப்பப் போடுறியா?" என்றேன்.

"போடுறேன் சார். போடாம எங்க? தினம் எட்டு மணிக்குத் திவ்யா போன் பண்ணுவா. பதினேழு, மாத்திரைன்னு அம்புட்டுத்தான் சொல்லுவா. போட்டாச்சுன்னு நான் சொல்ற வரைக்கும் வைக்க மாட்டா."